முதல்ல சொந்தக் காசுல தோத்துட்டு வாங்க: இங்கிலாந்தோட ஃப்ரிம்லி வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2021 நவம்பர்ல இங்கிலாந்துல ஒரு கேஸ் பெருசா பேசப்பட்டுச்சு. மேகன், விட்னி பேகன்-எவன்ஸ்னு கல்யாணம் ஆன ரெண்டு பெண்கள், சோஷியல் மீடியால ஏற்கனவே பல பேருக்குத் தெரிஞ்ச ஜோடி, அவங்க ஏரியாவுக்கு அரசு மருத்துவப் பணத்தை ஒதுக்கற ஃப்ரிம்லி சிசிஜிங்கற அமைப்பு மேல கோர்ட்டுக்குப் போனாங்க. எங்களுக்கு ஸ்பெஷலா ஏதாவது கொடுங்கன்னு அவங்க கேட்கல. ஆணும் பொண்ணுமா வர்ற ஜோடிக்கு ஐவிஎஃப் (முட்டையை வெளியில எடுத்து கருவாக்கி கருப்பையில வைக்கற சிகிச்சை) வாசல் எங்க திறக்குதோ அங்கயே எங்களுக்கும் திறங்க, அதுக்கு முன்னாடி எங்ககிட்ட மட்டும் ஏன் ஆயிரக்கணக்குல பவுண்ட் டிக்கெட் கேட்கறீங்க, அவ்ளோதான் கேள்வி.

இந்தக் கேஸ்ல எனக்கு முக்கியமாப் படறது ஒரே விஷயம்தான். பாலிசியைப் படிச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரி விதி இருக்கற மாதிரியேதான் தெரியும், "குழந்தை பிறக்கலன்னு நிரூபிச்சுட்டு வாங்க, அப்புறம் நாங்க பணம் கொடுக்கறோம்". ஆனா அந்த நிரூபிக்கற வேலை ஒருத்தருக்கு இலவசம், இன்னொருத்தருக்கு சேமிப்பு மொத்தமும் போற செலவு. பாகுபாடு ட்ரீட்மென்ட்ல இல்ல, ட்ரீட்மென்டுக்கு முன்னாடி வர்ற நிரூபணத்துல ஒளிஞ்சிருக்கு. அதனாலதான் இத்தன வருஷம் யாரும் அதைப் பெருசா எடுத்துக்கலன்னு நினைக்கறேன்.

பணம் யார் கையில இருக்கு

என்ஹெச்எஸ்னா தேசிய அரசு மருத்துவ அமைப்பு, வரிப்பணத்துல ஓடுது, எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி இருக்கும்னு வெளியில இருந்து பார்க்கறவங்க நினைப்பாங்க. குழந்தைப்பேறு சிகிச்சையில அப்படி இல்ல. இங்கிலாந்துல எந்த ட்ரீட்மென்டுக்கு எவ்ளோ காசுன்னு முடிவு பண்றது ஏரியா அமைப்புங்க. முன்னாடி அதுக்குப் பேரு சிசிஜி, 2022 ஜூலைல அதையெல்லாம் கலைச்சு 42 ஐசிபியா மாத்துனாங்க. இதுக்கு மேல நைஸ்னு ஒரு நிறுவனம் இருக்கு, எது பலன் தரும், எது காசுக்கு ஏத்ததுன்னு ஆதாரம் பார்த்து வழிகாட்டி எழுதறவங்க. 2013ல அவங்க போட்ட வழிகாட்டி 40 வயசுக்குக் கீழ இருக்கற பெண்ணுக்கு 3 முழு ஐவிஎஃப் சைக்கிள், 40ல இருந்து 42 வரைக்கும் சில நிபந்தனையோட 1 சைக்கிள்னு தெளிவாவே சொல்லுது.

அப்புறம் என்ன பிரச்சினைன்னா நைஸ் போடற எல்லாத்துக்கும் ஒரே பலம் கிடையாது. ஒரு மருந்தையோ தொழில்நுட்பத்தையோ மதிப்பிட்டு "கொடுக்கலாம்"னு சொன்னா என்ஹெச்எஸ் சட்டப்படி பணம் கொடுத்தே ஆகணும். வழிகாட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்ல, "கருத்துல எடுத்துக்கணும்", அவ்ளோதான். ஐவிஎஃப் வர்றது இந்த ரெண்டாவது கணக்குல. ஒரு ஏரியா 3 கொடுக்கும், பக்கத்து ஏரியா 1 கொடுக்கும், சில ஏரியா ஒண்ணுமே கொடுக்காம இருந்துச்சு, க்ராய்டன் 2017ல ஐவிஎஃப் ஃபண்டிங்கை நிறுத்துச்சு, கேம்ப்ரிட்ஜ்ஷயர் பீட்டர்பரோவும் அதே வருஷம் நிறுத்தி 2021லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. அங்க இதுக்குப் பேரே போஸ்ட்கோடு லாட்டரி, நம்ம பின்கோடு மாதிரி எந்த ஏரியாங்கறதைப் பொறுத்த அதிர்ஷ்டம். இன்னொரு தந்திரமும் உண்டு, "சைக்கிள்"னா என்னன்னு அவங்களே மாத்தி எழுதிக்கறது. நைஸ் கணக்குல ஒரு முழு சைக்கிள்னா ஒரு தடவை ஊசி போட்டு முட்டை எடுத்து, அதுல உருவான கரு எல்லாத்தையும், உறைய வெச்சதையும் சேர்த்து, ஒவ்வொண்ணா கருப்பையில வெச்சுப் பார்க்கற வரைக்கும். பல ஏரியால ஒரு புது கரு, ஒரு உறைஞ்ச கரு, அதோட உங்க சைக்கிள் முடிஞ்சதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. பேப்பர்ல சைக்கிள் கொடுத்தாச்சுன்னு கணக்கு காட்டலாம், மிச்ச கரு ஃப்ரீசர்ல இருக்கும், அதுக்கு நீங்களே காசு கட்டணும்.

ரெண்டு வாசல்

இப்போ கேஸோட நடுப்பகுதிக்கு வருவோம். ஆண் பெண் ஜோடி ஜிபி (அவங்க ஏரியா குடும்ப டாக்டர்) கிட்ட போய் "2 வருஷமா முயற்சி பண்றோம், நிக்கல"னு சொன்னா போதும். யாரும் வீட்டுல வந்து எட்டிப் பார்க்கப் போறதில்ல, டைரி கேட்கப் போறதில்ல, அவங்க வாய்வார்த்தைதான் ஆதாரம். டெஸ்ட் எல்லாம் என்ஹெச்எஸ் செலவு. 2 வருஷம்ங்கறது சும்மா வெச்சதும் இல்ல, 40 வயசுக்குக் கீழ இருக்கற ஜோடிங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல ஒரு வருஷத்துல கர்ப்பமாயிடுவாங்க, மீதில பாதிப்பேர் அடுத்த வருஷத்துல, அதனால காத்திருக்கறதுல ஒரு நியாயம் இருக்கு.

ரெண்டு பெண்கள் வந்தா இந்தக் கணக்கு ஓடாது. அதுக்கு நைஸ் ஒரு ஈடு கண்டுபிடிச்சாங்க: டோனர் (தானமா கிடைச்ச) விந்தணு வெச்சு 6 தடவை ஐயூஐ, அதாவது விந்தணுவை நேரா கருப்பைக்குள்ள வைக்கறது, பண்ணியும் நிக்கலன்னா அவங்களை டெஸ்டுக்கு அனுப்பலாம், அப்புறமும் இன்னொரு 6 தடவை ஐயூஐ, அதுக்கு மேலதான் ஐவிஎஃப். புள்ளிவிவரமாப் பார்த்தா இதுலயும் தர்க்கம் இருக்கு. 40 வயசுக்குக் கீழ இருக்கற பெண்களுக்கு 6 ஐயூஐல 50 சதவீதத்துக்கு மேல, 12ல 75 சதவீதத்துக்கு மேல கர்ப்பம் ஆகும்னு வழிகாட்டியே சொல்லுது. அதாவது ஐவிஎஃப் தேவைப்படாமலே நிறைய பேருக்கு முடிஞ்சிரும். மருத்துவ ரீதியா எனக்கு இதுல சண்டை இல்ல.

சண்டை எங்கன்னா அந்த ஐயூஐக்கு யார் காசுன்னு. பெரும்பாலான ஏரியா அமைப்புங்க "உங்க காசு"ன்னு எழுதிட்டாங்க. என்ஹெச்எஸ் தன்னோட வெப்சைட்லயே ப்ரைவேட்ல ஒரு ஐயூஐக்கு 700ல இருந்து 1,600 பவுண்ட் வரைக்கும் ஆகும்னு போட்டிருந்துச்சு. 6 தடவைக்கு 4,200ல இருந்து 9,600, 12 தடவைன்னா 8,400ல இருந்து 19,200, விந்தணு வாங்கற செலவு பெரும்பாலும் தனி பில். இந்த மாதிரி ஜோடிங்க 25,000 பவுண்டுக்கு மேல செலவு பண்ண வேண்டியிருக்குன்னு அப்போ பிரச்சாரத்துல திரும்பத் திரும்ப சொன்னாங்க. இவ்ளோ செலவு பண்ணித் தோத்ததுக்கு அப்புறம்தான் அரசு உதவிக்கு லைன்ல நிக்கவே முடியும். காசு இல்லாதவங்களுக்காக இருக்கற அரசு உதவிக்கு நுழைவுக் கட்டணம் பல்லாயிரம் பவுண்ட்னா, அந்த உதவி யாருக்குப் போய்ச் சேரும்னு சொல்ல வேண்டியதே இல்ல.

"வீட்டுலயே பண்ணிக்கலாமே"ன்னு சொல்றவங்க உண்டு. தெரிஞ்சவங்க யாராவது விந்தணு கொடுத்தா செலவே இல்லயேன்னு. இதுல ரெண்டு ஆபத்து. ஒண்ணு, லைசென்ஸ் உள்ள கிளினிக்ல விந்தணுவை ஹெச்ஐவி மாதிரி தொற்றுக்கெல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் பயன்படுத்துவாங்க, வீட்டுல அது கிடையாது. ரெண்டாவது சட்டம், இதைப் பல பேர் யோசிக்கறதே இல்ல. கிளினிக் வழியா கொடுத்த டோனர் சட்டப்படி அப்பா ஆக மாட்டார். வீட்டுல பண்ணினா, அந்தப் பெண் கல்யாணமோ சிவில் பார்ட்னர்ஷிப்போ (கல்யாணம் மாதிரியே சட்டப்படி பதிவு பண்ற உறவு) பண்ணாதவங்களா இருந்தா, டோனர்தான் சட்டப்படி அப்பா, கூட வாழற பெண்ணுக்கு அந்தக் குழந்தை மேல பெற்றோர் அந்தஸ்தே தானா வராது, தத்தெடுக்கற மாதிரி வேற வழியில போய்த்தான் வாங்கணும். கல்யாணமோ சிவில் பார்ட்னர்ஷிப்போ ஆனவங்களுக்கு 2008ல வந்த குழந்தைப்பேறு சிகிச்சைச் சட்டம் பாதுகாப்பு கொடுக்குது, மத்தவங்களுக்கு இல்ல. அது போக, பல ஏரியால வீட்டு முயற்சியைக் கணக்குலயே சேர்க்க மாட்டாங்க, கிளினிக் ரெக்கார்டுதான் கேட்பாங்க. ஒருத்தர் கிட்ட வாய்வார்த்தை போதும், இன்னொருத்தர் கிட்ட ரசீது வேணும்.

எதிர்வாதமும் அதுக்கு என் பதிலும்

எதிர்த்தரப்பு முட்டாள்தனமா பேசலங்கறதையும் சொல்லணும். அவங்க சொல்றது இதுதான், என்ஹெச்எஸ் நோய்க்கு வைத்தியம் பார்க்குது, குழந்தையின்மை நோய், விந்தணு இல்லாம இருக்கறது நோய் இல்ல வாழ்க்கைச் சூழல், பட்ஜெட் ஒரே பட்ஜெட்தான், புற்றுநோய்க்கும் மனநலத்துக்கும் போற பணத்துல இருந்துதான் இதுவும் எடுக்கணும். கேட்கறதுக்கு சரியாத்தான் இருக்கு.

ஆனா ஒரே ஒரு ஜோடியை எடுத்துப் பாருங்க. கணவனுக்கு விந்துல அணுவே இல்ல, ஆபரேஷன் பண்ணியும் எடுக்க முடியல. மனைவி உடம்பு நூறு சதவீதம் ஆரோக்கியம். நைஸ் வழிகாட்டியில டோனர் விந்தணு எப்போ பயன்படுத்தலாம்ங்கற பட்டியல்ல இந்த நிலைமை நேரடியா இருக்கு, கணவன் கிட்ட இருந்து மரபணு நோய் குழந்தைக்குப் போற அபாயம் அதிகமா இருந்தா அதுவும் இருக்கு. அந்த மனைவிக்கு என்ஹெச்எஸ் பண்றது என்ன, டோனர் விந்தணுவை கருப்பைக்குள்ள வைக்கறது. இப்போ ரெண்டு பெண்கள் ஜோடிக்கு வாங்க. ஒருத்தி உடம்பு ஆரோக்கியம், விந்தணு இல்ல, தேவை டோனர் விந்தணுவை கருப்பைக்குள்ள வைக்கறது. மேசை மேல நடக்கற வேலை அதே வேலை, அதே குழாய், அதே ஊசி. முதல் கேஸ்ல மனைவியை யாரும் "நீ ஆரோக்கியமா இருக்க, நோயாளி இல்ல, போ"ன்னு சொல்றதில்ல, ஏன்னா அங்க ஜோடியை ஒரு யூனிட்டா பார்க்கறாங்க. ரெண்டாவதுல மட்டும் திடீர்னு தனித்தனி உடம்பா பிரிச்சுப் பார்க்கறாங்க. அது மட்டுமா, குழந்தையின்மை கேஸ்கள்ல சுமார் 25 சதவீதத்துல காரணமே கண்டுபிடிக்க முடியறதில்ல, ஆணுக்கோ பெண்ணுக்கோ ஒரு நோயும் ரிப்போர்ட்ல வராது, அவங்களுக்கும் ஐவிஎஃப் கிடைக்குது. அப்போ "நோய் இருந்தாத்தான்"ங்கற அளவுகோல் எங்க போச்சு? அமெரிக்காவோட இனப்பெருக்க மருத்துவர்கள் சங்கம் 2023ல குழந்தையின்மையோட வரையறையையே மாத்தி, டோனர் முட்டையோ விந்தணுவோ தேவைப்படறதையும் அதுல சேர்த்துட்டாங்க. இங்கிலாந்தோட என்ஹெச்எஸ்ஸை அது கட்டுப்படுத்தாது, இருந்தாலும் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியும்.

பட்ஜெட் வாதம்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமானது. பணம் கம்மின்னா கம்மியாவே கொடுங்க, எல்லாருக்கும் கம்மியா கொடுங்க. 3 சைக்கிளை 2 ஆக்கறது கசப்பான முடிவு, ஆனா நேர்மையான முடிவு. ஒரு கூட்டத்தை வாசல்லயே தடுத்து நிறுத்தி மிச்சம் பிடிக்கறது வேற ஜாதி.

கோர்ட்டுங்க முன்னாடி என்ன சொல்லிருந்துச்சு

பேகன்-எவன்ஸ் ஜோடி கோர்ட்டுக்குப் போனப்போ பழைய தீர்ப்புங்க முழுசா அவங்க பக்கம் இல்ல. 1994ல ஷெஃபீல்ட்ல ஒரு பெண்ணுக்கு 35 வயசைத் தாண்டிட்டீங்கன்னு ஐவிஎஃப் மறுத்தாங்க, சீல் வழக்குன்னு சொல்வாங்க. பணம் குறைவா இருக்கறப்போ வயசு வரம்பு வெக்கறது அறிவுக்குப் பொருந்தாத முடிவு இல்லன்னு கோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு. அந்தக் காலத்துல கோர்ட்டுங்க இப்படித்தான், டாக்டரும் அதிகாரியும் பார்த்துப்பாங்கன்னு விலகி நின்னுருவாங்க.

2014ல ரோஸ் வழக்கு வேற மாதிரி. க்ரோன் நோய்ங்கற நாள்பட்ட குடல் நோய் உள்ள இளம்பெண், கீமோதெரபியோட பெரிய சிகிச்சை ஒண்ணு வரப்போகுது, அதுல கருத்தரிக்கற திறன் போயிடும், அதனால முன்னாடியே முட்டையை உறைய வெச்சுக்க தானெட் சிசிஜி கிட்ட பணம் கேட்டாங்க, மறுத்துட்டாங்க. முட்டை உறைய வைக்கறதுக்கு போதுமான ஆதாரம் இல்லங்கறது தானெட் பாலிசி, ஆனா நைஸ் 2013லயே ஆதாரத்தைப் பார்த்து வேற முடிவுக்கு வந்தாச்சு. நீதிபதி ஜே என்ன சொன்னார்னா, வழிகாட்டியை அப்படியே பின்பத்தணும்னு கட்டாயம் இல்ல, பணம் இல்ல, வேற முன்னுரிமை இருக்குன்னு காரணம் சொல்லலாம், ஆனா மருத்துவ அறிவியல் இப்போ என்ன சொல்லுதுங்கற விஷயத்துல நைஸ் தப்புன்னு நாங்க நினைக்கறோம்னு ஒரு லோக்கல் அமைப்பு சொல்ல முடியாது. அந்தப் பாலிசி சட்டப்படி செல்லாதுன்னு ஆச்சு. ஆனா அந்தப் பெண்ணுக்குப் பணம் கொடுங்கன்னு கோர்ட் உத்தரவு போடல. நீதிமுறை மறுஆய்வோட குணமே இதுதான், முடிவெடுத்த விதம் சரியான்னு பார்ப்பாங்க, முடிவை அவங்களே எடுத்துக் கொடுக்க மாட்டாங்க. உடம்பு காத்திருக்காதுங்கறது வக்கீலுக்கும் தெரியும், சட்டத்துல அதுக்கு இடம் இல்ல.

ஃப்ரிம்லி கேஸ்ல கைல இருந்த ஆயுதம் 2010 சமத்துவச் சட்டம். நேரடியா யாரையும் விலக்காம, எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி போட்டு, அது ஒரு கூட்டத்தை மட்டும் அதிகமா பாதிச்சு, அதுக்குத் தகுந்த நியாயமும் காட்ட முடியலன்னா அது மறைமுகப் பாகுபாடு. பாலிசி எழுதறப்போ சமத்துவத்தை யோசிச்சுத்தான் எழுதணும்னு பொது அமைப்புங்களுக்கு அதுல தனிக் கடமையும் உண்டு.

முடிஞ்ச விதம்

தீர்ப்பே வரல. கேஸ் இழுத்துட்டு இருக்கறப்போ, 2022 ஜூலைல அரசு இங்கிலாந்துக்கான பெண்கள் நல மூலோபாயம்னு ஒரு ஆவணம் போட்டு, பெண் ஜோடிங்க ஐவிஎஃப்க்கு முன்னாடி சொந்தக் காசுல ஐயூஐ பண்ணணும்ங்கற தடையை எடுப்போம், அந்த 6 சைக்கிளை என்ஹெச்எஸ்ஸே கொடுக்கும்னு வாக்கு கொடுத்துச்சு. அதுக்குள்ள சிசிஜி போய் ஐசிபி வந்தாச்சு, 2023ல ஃப்ரிம்லி தன்னோட பாலிசியை மாத்திக்க ஒத்துக்கிச்சு, ஜோடி கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க. பேப்பர்ல எல்லாம் வெற்றின்னு தலைப்பு. அவங்களுக்கு அது வெற்றிதான், அதுல சந்தேகம் இல்ல.

ஆனா கேஸ் ஆய்வா பார்த்தா இங்கதான் ஓட்டை. அரசு கொடுத்தது வாக்கு, சட்டம் இல்ல. அப்போ இருந்த 42 ஐசிபியும் அவங்கவங்க பாலிசியை அவங்கவங்க வேகத்துல மாத்த வேண்டியிருந்துச்சு. ஒரு ஹைகோர்ட் நீதிபதி "இது மறைமுகப் பாகுபாடு"ன்னு ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தா மறுநாள் மத்த 41 ஐசிபியோட வக்கீலுங்களும் ஓடிப் போய் பாலிசியைத் திறந்திருப்பாங்க. கேஸ் போட்ட ஜோடி மேல குத்தம் இல்ல, கேட்டது கிடைச்சப்புறம் ஊருக்காக வருஷக்கணக்குல கேஸ் நடத்துன்னு யாரையும் சொல்ல முடியாது, வயசு ஓடிட்டே இருக்கு. அமைப்புங்களுக்கும் இது வசதி, தோக்கப் போறோம்னு தெரிஞ்சா கடைசி நிமிஷம் மாத்திக்கிட்டா முன்னுதாரணம் உருவாகாது.

எண்ணுங்களையும் பார்த்துருவோம். சிகிச்சையை மேற்பார்வை பண்ற ஹெச்எஃப்இஏ கணக்குப்படி பிரிட்டன் முழுசும் நடந்த ஐவிஎஃப் சைக்கிள்ல என்ஹெச்எஸ் காசுல நடந்தது 2012ல 40 சதவீதம், 2022ல 27 சதவீதம். ஸ்காட்லாந்துல 54, இங்கிலாந்துல 24. ஸ்காட்லாந்துல மட்டும் உடம்பு வேற மாதிரியா இருக்கு? அங்க நாடு முழுசுக்கும் ஒரே விதி, 3 சைக்கிள், அதான் வித்தியாசம். அதே 2022ல முதல் ஐவிஎஃப் சைக்கிள்ல என்ஹெச்எஸ் காசு கிடைச்சவங்க ஆண் பெண் ஜோடில 52 சதவீதம், பெண் ஜோடில 16, தனியா வர்ற பெண்கள்ல 18. இது அரசு வாக்கு கொடுத்த வருஷத்துக் கணக்குங்கறதை மறக்க வேணாம், ஆனா இடைவெளி எவ்ளோ பெருசுன்னு காட்ட இது போதும்.

பெண் ஜோடிங்க கேஸ் மட்டும் இவ்ளோ தூரம் வந்தது, மத்த கதவுங்க இன்னும் அப்படியேதான் இருக்கு. ஜோடில யாராவது ஒருத்தருக்கு முன்னாடி உறவுல குழந்தை இருந்தா ரெண்டு பேருக்கும் ஐவிஎஃப் கிடையாதுங்கறது பல ஏரியால இருக்கற விதி, நைஸ் அப்படி சொல்லவே இல்ல, அந்தக் குழந்தை வேற வீட்டுல வளர்ந்தாலும் சரி, குழந்தையே இல்லாத பெண்ணுக்கும் சேர்த்து மறுப்பு. இது எந்த மருத்துவமும் இல்ல, பட்ஜெட்டை வெட்ட எளிசா கிடைச்ச கத்தி. ஆண் ஜோடிங்க வாடகைத்தாய் வழியா போகணும், அதுக்கு என்ஹெச்எஸ் கிட்ட கேட்கறதுக்கே வழி கம்மி. திருநர்கள் சிகிச்சைக்கு முன்னாடி முட்டை, விந்தணு சேமிக்கற விஷயத்துல 2018ல சமத்துவ ஆணையமே என்ஹெச்எஸ் இங்கிலாந்தை கோர்ட்டுக்கு இழுப்போம்னு நோட்டீஸ் கொடுக்க வேண்டி வந்துச்சு.

அடுத்த கேஸ் தனியா வாழற பெண்கள் கிட்ட இருந்துதான் வரும்னு நான் நினைக்கறேன். சிகிச்சை எடுக்கறதுக்கு சட்டத்துல அவங்களுக்குத் தடையே இல்ல, 2008லயே "அப்பா தேவை"ங்கற வரியை எடுத்துட்டு "ஆதரவான வளர்ப்பு"ன்னு மாத்திட்டாங்க. காசு விஷயத்துல மட்டும் பல ஏரியா பாலிசியில இன்னும் "தம்பதி"ங்கற சொல்தான் நிக்குது, அரசோட 2022 வாக்கும் ஐயூஐ விஷயத்துல பெண் ஜோடிங்களைப் பத்தித்தான் பேசுச்சு. அந்தக் கேஸுக்கு சமத்துவச் சட்டம் இந்த அளவுக்குக் கைகொடுக்காது, ஏன்னா அதுல பாலியல் நாட்டம் இருக்கு, கல்யாணம் சிவில் பார்ட்னர்ஷிப் இருக்கு, தனியா இருக்கறதுங்கறது தனிப் பிரிவா இல்ல. ஃப்ரிம்லியில தீர்ப்பு வந்திருந்தா நிரூபிக்கற செலவு பத்தி கோர்ட் என்ன நினைக்குதுன்னாவது தெரிஞ்சிருக்கும், அது இல்லாததால அவங்க வக்கீல் ரோஸ் தீர்ப்பை எடுத்துட்டு, "ஏன் கொடுக்கலன்னு காரணத்தைக் காட்டு"ங்கற இடத்துல இருந்துதான் மறுபடி ஆரம்பிக்கணும்.